தொட்டி கட்டினால் ஆறு பிழைத்துவிடுமா?

கூவத்தைச் சுத்தம் செய்வோம் என்று சொல்லாத சர்க்கார் சென்னையில் இருந்ததில்லை. 1967-ல் அண்ணாதுரை முதலமைச்சரான காலத்திலேயே கூவம் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. கரை கட்டினார்கள், படகுத்துறை கட்டினார்கள். அதற்குப் பிறகு எத்தனை மந்திரிசபைகள்! எத்தனை கமிட்டிகள்! எத்தனை அடிக்கல்கள்! கல் நட்ட இடத்தில் கல் இருக்கிறது. ஆறு மட்டும் இன்னும் சாக்கடையாகவே கிடக்கிறது.

ஏன் இந்த நிலை? பணம் இல்லையா? இருக்கிறது. விஞ்ஞானம் இல்லையா? நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையங்கள் இல்லையா? கொடுங்கையூரில் இருக்கிறது, கோயம்பேட்டில் இருக்கிறது, நெசப்பாக்கத்தில் இருக்கிறது, பெருங்குடியில் இருக்கிறது. பின் எது இல்லை?

ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மில் கட்டிடம் எழுப்பி, கதிர்களை வரிசையாக நிறுத்தி, மந்திரி வந்து ரிப்பன் வெட்டிவிட்டால் நூல் வந்துவிடுமா? பஞ்சு வர வேண்டும். கரண்ட் வர வேண்டும். அறுந்த இழையை ஒட்ட ஆள் வேண்டும். எண்ணெய் விட ஆள் வேண்டும். மூன்று ஷிப்டும் ஆள் வேண்டும். கழிவுநீர் நிலையமும் ஓர் ஆலைதான். அதைக் கட்டுவதில் நமது ஆட்சியாளர்களுக்கு உள்ள ஆசை, அதை ஓட்டுவதில் இல்லை. கட்டுவதில் காண்ட்ராக்ட் இருக்கிறது, திறப்பு விழா இருக்கிறது, போட்டோ இருக்கிறது. ஓட்டுவதில் என்ன இருக்கிறது? வேலைதான் இருக்கிறது!

நூறு குடத்தில் எத்தனை குடம்?

இது வெறும் வாய்ப் பேச்சல்ல. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2021-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் கழிவுநீர் 7,236 கோடி லிட்டர். அதைச் சுத்திகரிக்க அமைத்திருந்த நிலையங்களின் கொள்ளளவு 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டதோ 2,023 கோடி லிட்டர்தான்.

இந்தக் கணக்கைக் குடத்தில் அளந்து பார்ப்போம். நூறு குடம் சாக்கடை வருகிறது. நாற்பத்து நான்கு குடத்துக்குத் தொட்டி கட்டியாயிற்று. ஆனால் இருபத்தெட்டுக் குடம்தான் அந்தத் தொட்டிக்குள் போய் வெளியே வருகிறது. பாக்கிப் பதினாறு குடத்துக்கான தொட்டி வெறுமனே கிடக்கிறது. எங்கோ குழாய் இணைக்கவில்லை. எங்கோ பம்பு ஓடவில்லை. எங்கோ நிலையமே ஓடவில்லை.

அதோடு முடிந்ததா? அன்று ஓடிக்கொண்டிருந்த 1,093 நிலையங்களில், விதித்த அளவுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்தவை 578 மட்டுமே. அவற்றின் கொள்ளளவு நூறில் பதினேழு குடம். அதாவது, கட்டியதில் ஒரு பகுதி ஓடவில்லை. ஓடியதில் பாதி ஒழுங்காக ஓடவில்லை. புதிய தொட்டிக்கு டெண்டர் விடுகிற மந்திரியைப் பார்த்து நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "ஐயா, பழைய தொட்டி என்னவாயிற்று?"

மான்செஸ்டரில் பிறந்த வித்தை

பஞ்சாலைகளின் ஊர் என்று உலகமெல்லாம் பெயர் பெற்றது இங்கிலாந்தின் மான்செஸ்டர். அந்த நகரசபையின் டேவிஹியூம் கழிவுநீர் நிலையத்தில் எட்வர்டு ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இரண்டு ஊழியர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சாக்கடை நீரைப் பாத்திரத்தில் ஊற்றி, விடாமல் காற்றை ஊதினார்கள். தண்ணீர் தெளிய முதலில் பல வாரம் பிடித்தது. தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய பழுப்பு நிற வண்டலை மட்டும் வைத்துக்கொண்டு, புதுச் சாக்கடையை அதன்மேல் ஊற்றி மறுபடி காற்று ஊதினார்கள். திரும்பத் திரும்பச் செய்ததில், வாரக்கணக்கில் ஆன வேலை சில மணி நேரத்தில் முடிந்தது! 1914-ல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கே பேராசிரியராக வந்து சேர்ந்தார். இந்த வித்தை நமக்குத் தூரத்து உறவல்ல. அண்டை வீட்டுக்கே வந்த உறவு.

அந்த வண்டலில் என்ன இருந்தது? கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள். அவை அழுக்கைத் தின்னும், காற்றைச் சுவாசிக்கும், பெருகும், பிறகு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். படிந்த வண்டலில் ஒரு பகுதியை மறுபடி முதல் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் நேற்றைய தயிரில் கொஞ்சம் எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறார்களே, அதே முறைதான். உறைமோர் கெட்டால் தயிர் கெடும். இந்த வண்டல் கெட்டால் ஆறு கெடும்.

நிலையம் எப்படி நோயாளியாகிறது?

முதலாவது, காற்று. தொட்டிக்குள் காற்றை ஊதும் புளோயர்தான் நிலையத்தின் மூச்சு. மொத்த மின்சாரச் செலவில் பாதியளவை இந்த மூச்சே விழுங்கிவிடும். பல மணி நேரம் கரண்ட் இல்லாமல், மாற்று ஜெனரேட்டரும் இல்லாமல் கிடந்தால் நுண்ணுயிர்கள் மூச்சுத் திணறும். பழுப்பு வண்டல் கருக்கும். ஈர மண் வாசனை வீச வேண்டிய இடத்தில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அனுபவமுள்ள தொழிலாளி தொட்டியோரம் நின்று நிறத்தையும் வாசனையையும் கொண்டே நோயைச் சொல்லிவிடுவான்.

இரண்டாவது, வண்டல் படியாமை. காற்றுக் குறைந்தாலும், தீனியின் அளவு தாறுமாறானாலும், நூல் போன்ற ஒருவகை நுண்ணுயிர்கள் தலையெடுக்கும். வண்டல் பஞ்சுபோல் உப்பிவிடும்; அடியில் உட்காராமல் தண்ணீரோடு கரை தாண்டி ஆற்றுக்குப் போகும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய யந்திரம் வேண்டாம். ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் தொட்டி நீரை எடுத்து முப்பது நிமிஷம் அசையாமல் வைத்துப் பார்த்தால் வண்டலின் குணம் தெரியும். குடுவை மலிவு. தினமும் அதைப் பார்த்து, எழுதி, காரணம் கண்டு, காற்றைக் கூட்டுவதற்கும் வண்டலைக் குறைப்பதற்கும் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

மூன்றாவது, மிஞ்சிய வண்டல். நுண்ணுயிர்கள் பெருகிக்கொண்டே இருப்பதால், தினமும் ஒரு பங்கை வெளியே எடுத்தாக வேண்டும். எடுத்ததை வைக்க இடம் வேண்டும். காய வைக்கக் களம் வேண்டும். ஏற்றிப்போக லாரி வேண்டும். மழைக்காலத்தில் களம் காயாது. லாரிக்குப் பில் பாஸாகவில்லை என்பார்கள். வண்டல் தொட்டியிலேயே தேங்கும். கடைசியில் ராத்திரியோடு ராத்திரியாக அதுவும் ஆற்றுக்கே போகும். பகலெல்லாம் நீரிலிருந்து பிரித்தெடுத்த அழுக்கை இரவில் நீருக்கே திருப்பித் தருவதற்கா இத்தனை கோடிச் செலவு?

நான்காவது, விஷம். எந்தப் பட்டறை முதலாளியோ அமிலத்தையும் பிளீச்சிங்கையும் சாக்கடைக் குழாயில் திறந்துவிட்டால், ஒரே இரவில் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். அதிலும் அம்மோனியாவை மாற்றும் உயிர்கள் மெதுவாகப் பெருகும் ஜாதி. அவை அழிந்தால் திரும்ப உண்டாக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அம்மோனியா ஆற்றுக்குப் போய் மீனைக் கொல்லும். குற்றம் செய்தவன் ஒருவன். மெமோ வாங்குகிறவன் ஷிப்டு ஆபரேட்டர்!

இத்தனைக்கும் மருந்து ஒன்றே: விடாத கவனிப்பு. காற்று, வண்டல், தீனி மூன்றையும் இரவும் பகலும் சரிபார்க்கிற கை. ஞாயிற்றுக்கிழமை என்று நுண்ணுயிர் லீவு எடுப்பதில்லை. தீபாவளி என்று சாக்கடை நிற்பதில்லை.

யார் ஓட்டுகிறார்கள்?

குறைந்த தொகை கேட்ட காண்ட்ராக்டருக்கு நிலையத்தை ஓட்டும் பொறுப்பைக் கொடுத்தால் என்ன ஆகும்? அவன் லாபம் எங்கிருந்து வரும்? சாக்கடையைக் குறைக்க அவனால் முடியாது. ஆளைக் குறைக்க முடியும். கூலியைக் குறைக்க முடியும். ரசாயனப் பரிசோதனையைக் குறைக்க முடியும். கரண்ட் பில்லும் அவன் தலையில் என்றால் புளோயரை நிறுத்தவும் முடியும். அழுக்கு நீர் ஆற்றில் கலப்பதை இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்? இன்ஸ்பெக்டர் வரும் நேரத்தில் யந்திரம் ஓடினால் போதும். காண்ட்ராக்டர் கெட்டவன் என்பதல்ல நம் வாதம். நிறுத்தினால் லாபம், ஓட்டினால் நஷ்டம் என்று ஏற்பாடு செய்துவிட்டு, ஓடவில்லையே என்று அழுவதில் என்ன பொருள்?

அந்த நிலையத்திலே நிற்கிறவன் யார்? வேலை நிரந்தரமல்ல. பயிற்சி கொடுப்பாரில்லை. இன்று கற்றுக்கொண்டவன் அடுத்த டெண்டரில் வெளியே நிற்பான். வண்டலின் நிறம் பார்த்து நோய் சொல்லும் அனுபவம் ஆறு மாதத்தில் வருமா? அனுபவசாலியை விரட்டிவிட்டு விஞ்ஞானத்தைக் குறை சொல்கிறார்கள்.

தோழர்களே, தொட்டியில் காற்றுக் குறைந்தால் எழும் அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுதான் பாதாளச் சாக்கடையிலும் தேங்கி நிற்கிறது. அளவு மிஞ்சினால் மூக்குக்கு வாசனையே தெரியாமல் போகும். மறுகணம் ஆளைச் சாய்த்துவிடும். அந்தக் குழிக்குள் எந்த ஜாதியில் பிறந்தவனை இறக்குகிறார்கள் என்பதை நாடறியும். 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் ஒரு சட்டம். 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடு என்று 2014-ல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதை முப்பது லட்சமாக்கியது. நஷ்டஈடு உயர்ந்தது நல்லதுதான். ஆனால் சாவு நின்றதா? சாக்கடைத் தொழிலாளியின் உயிரை மதிக்காத நிர்வாகம், ஆற்றின் உயிரை மதிக்குமா?

தேம்ஸ் சொல்லும் பாடம்

லண்டனின் தேம்ஸ் நதியும் ஒரு காலத்தில் கூவம்தான். 1853-54 காலராவில் அந்நகரில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். மாண்டவர்கள் பெரும்பாலும் ஏழைகள், பார்லிமெண்ட் அவசரப்படவில்லை. 1858 கோடையில் ஆற்றின் நாற்றம் பார்லிமெண்ட் கட்டிடத்துக்குள்ளேயே புகுந்தது. திரைச்சீலைகளைச் சுண்ணாம்பு மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டும் கனவான்களால் உட்கார முடியவில்லை. உடனே, சில நாட்களிலேயே சட்டம் பிறந்தது! ஏழையின் சாவு செய்யாததைப் பணக்காரனின் மூக்கு செய்தது.

பாஸல்ஜெட் என்ற பொறியாளர் பெரும் பாதாளச் சாக்கடைகளைக் கட்டினார். ஆனால் 1866-ல் காலரா மறுபடி வந்தபோது, புதிய சாக்கடை வேலை இன்னும் முடியாதிருந்த கிழக்கு லண்டன் தொழிலாளர் பகுதியில்தான் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதற்குப் பிறகும் தேம்ஸ் முழுதும் பிழைக்கவில்லை. சாக்கடை நகரத்தைத் தாண்டிக் கொட்டப்பட்டதே தவிர, சரியாகச் சுத்திகரிக்கப்படவில்லை. 1957-ல் அந்த ஆற்றின் நகரப் பகுதி உயிரற்றது என்று இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் அறிவித்தார்கள். பிறகு பொது நிர்வாகத்தின் கீழ் பெக்டன், கிராஸ்னெஸ் நிலையங்களில் காற்று ஊதிச் சுத்திகரிக்கும் முறையை விரிவாக்கினார்கள். 1974-ல் சால்மன் மீன் தேம்ஸில் மறுபடி அகப்பட்டது. செத்ததென்று சொன்ன ஆறு பிழைத்தது!

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். 1989-ல் இங்கிலாந்தின் தண்ணீர் நிர்வாகங்களைத் தனியாருக்கு விற்றார்கள். என்ன நடந்தது? 2012 முதல் 2014 வரை தேம்ஸ் படுகையில் கழிவுநீரைக் கலந்ததற்காக, 2017-ல் தேம்ஸ் வாட்டர் கம்பெனிக்கு நீதிமன்றம் இரண்டு கோடி பவுனுக்கு மேல் அபராதம் விதித்தது. 2025-ல் கண்காணிப்பு வாரியம் அதே கம்பெனிக்கு 12 கோடிப் பவுனுக்கு மேல் அபராதம் விதித்தது. கழிவுநீர் நிலையங்களைச் சரியாக நடத்தாததற்கும், பங்குதாரர்களுக்கு முறையற்ற லாபப்பங்கு கொடுத்ததற்கும் சேர்த்துத்தான் அந்த அபராதம்! வித்தை பிறந்த நாட்டிலேயே இந்தக் கதி. ஆறு ஒருநாள் சுத்தமாகி, என்றென்றும் சுத்தமாக இருப்பதில்லை. அதைத் தினந்தோறும் சுத்தமாக்க வேண்டும்.

முடியாததல்ல, மனமில்லாதது

இங்கே முடியாது என்பாரும் உண்டு. முடியும் என்பதற்குச் சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை நுண்ணிய வடிகட்டிகளில் செலுத்தித் தெளிந்த நீராக்கும் நிலையங்கள் வந்தன. அந்த நீர் மணலிக்கும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கும் போகிறது. குடிநீரைத் தொழிற்சாலைகள் உறிஞ்சாமல் தடுத்தால் நல்லதுதான். நாம் அதை வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி: கம்பெனிக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் சாக்கடை பளிங்காகிறது. ஜனங்களின் ஆற்றுக்கு மட்டும் விஞ்ஞானம் வேலை செய்யாதா?

ஆற்றைச் சுத்தம் செய்ய நமது ஆட்சியாளர்களுக்குத் தெரிந்த சுலப வழி ஒன்று உண்டு: கரையிலுள்ள குடிசையை இடிப்பது! கூவம் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்குத் தூக்கி எறிந்தார்கள். வேலை ஓரிடம், வீடு ஓரிடம், பள்ளிக்கூடம் ஓரிடம். குடிசை போயிற்று, நாற்றம் போயிற்றா? ஆறு கருத்தது குடிசைக்காரனின் ஒரு செம்பு நீராலா, நகரமெல்லாம் கூடிக் கொட்டும் குழாய்களாலா?

நொய்யலை மறக்க முடியுமா?

கிராமத்துத் தோழர்கள், "இது பட்டணத்துப் பிரச்னை" என்று எண்ண வேண்டாம். பட்டணத்து ஆறு கீழே போய் வயலுக்குத்தான் பாய்கிறது. ஹைதராபாத்தின் மூசி நதியில் வரும் சாக்கடை நீரில்தான் கீழ்ப்பகுதிக் கிராமங்களில் புல்லும் நெல்லும் விளைகின்றன. அந்தச் சேற்றில் வெறுங்காலோடு இறங்குகிறவர்கள் விவசாயத் தொழிலாளிகள். சுத்திகரிக்காத சாக்கடை பாயும் வயலில் கொக்கிப்புழு முதலாளியின் காலைக் கடிக்காது; நடவு நடுகிறவளின் காலில்தான் ஏறும்.

திருப்பூரின் நொய்யலில் நடந்தது இன்னும் கொடுமை. 1992-ல் விவசாயத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். ஆனால் சாயப்பட்டறைக் கழிவில் உப்பு இருக்கிறது. நுண்ணுயிர் அழுக்கைத் தின்னும், உப்பைத் தின்னாது! உப்பு ஆற்றிலேயே தங்கிக் கிணற்றையும் மண்ணையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. விவசாயி நிலத்தை இழந்தான். சாயத் தொழிலாளி வேலையை இழந்தான். பல ஆண்டு லாபத்தை யார் கொண்டுபோனார்கள்?

அப்போது தொழிலாளியையும் விவசாயியையும் மோதவிடப் பார்த்தார்கள். "ஆறு வேண்டுமா, வேலை வேண்டுமா?" என்று கேட்டார்கள். கேள்வியே மோசடி! இரண்டும் வேண்டும். கழிவைச் சுத்தம் செய்யும் செலவு உற்பத்திச் செலவில் ஒரு பகுதி. அதை மிச்சம்பிடித்த முதலாளி, அந்தப் பில்லை விவசாயியின் கிணற்றுக்கு அனுப்பிவிட்டான். அவ்வளவுதான் சங்கதி.

என்ன கேட்க வேண்டும்?

இனி அடிக்கல்லுக்குக் கைதட்டுவதை நிறுத்துவோம். நகரசபையிடமும் சர்க்காரிடமும் திட்டமான கோரிக்கைகளை வைப்போம்.

சுத்திகரிப்பு நிலையங்களைப் பொது நிர்வாகமே நேரடியாக நடத்த வேண்டும். மூன்று ஷிப்டுக்கும் பயிற்சி பெற்ற, நிரந்தரமான தொழிலாளிகள் வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் பரிசோதனைச் சாலையும் அதற்கு ஆளும் வேண்டும்.

புளோயர் நிற்காதபடி மின்சாரமும் மாற்று ஜெனரேட்டரும் உறுதி செய்ய வேண்டும். வண்டலிலிருந்து வரும் வாயுவில் எஞ்சின் ஓட்டி மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு சென்னையில் முன்பே செய்யப்பட்டது. அதை எல்லா ஊருக்கும் கொண்டுபோக வேண்டும்.

வண்டலைக் காய வைக்கவும் அப்புறப்படுத்தவும் பணம் ஒதுக்காமல் எந்தப் புதிய தொட்டிக்கும் அனுமதி கூடாது. தொழிற்சாலைக் கழிவு, முதலாளியின் செலவில், அவன் வாசலிலேயே சுத்தமாக வேண்டும்.

பாதாளச் சாக்கடையில் மனிதன் இறங்குவது அடியோடு ஒழிய வேண்டும். குழாயை அடைக்காமல் குடிசையை இடிக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு நிலையத்தின் வாசலிலும் ஒரு கரும்பலகை வைக்கச் சொல்லுங்கள். இன்று எவ்வளவு கழிவுநீர் வந்தது, எத்தனை மணி நேரம் புளோயர் ஓடியது, ஆற்றுக்குப் போன நீரின் தரம் என்ன என்று தமிழில், தினமும், சாக்பீஸால் எழுதட்டும். மில்லில் உற்பத்திக் கணக்கு எழுதவில்லையா? ஆற்றின் கணக்கையும் எழுதட்டும். ஷிப்டு முடிந்து போகிற தொழிலாளி நின்று படிக்கட்டும். புளோயர் ஓடாத நாளில், ஏன் ஓடவில்லை என்று அவன் உள்ளே போய்க் கேட்கட்டும்.